கேட்டுக்குக் கேட்டு நின்ற வண்டி

கோரல் ஹாஸ்கெட் பிறந்த அன்று அவளுடைய அப்பா மங்கரா ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஆளின் மூக்கை உடைத்தார். "கங்காரு சுடறவனுக்குப் பொண்ணா? துப்பாக்கிய யாரு தூக்குவா?" என்று அந்த ஆள் கேலி பேசினானாம். உடைத்தவரும் உடைபட்டவனும் அன்று சாயங்காலமே ஒரே மேசையில் உட்கார்ந்து பீர் குடித்தார்கள். ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தின் மேற்குப் பக்கத்து அந்தச் செம்மண் காட்டில், மழை வருஷக்கணக்கில் பொய்க்கும். அடி மட்டும் பொய்க்காது.

அப்பாவின் பூட்ஸ் சத்தத்தை வைத்தே இன்று அடி உண்டா இல்லையா என்று சொல்லக்கூடிய குழந்தையாக அவள் வளர்ந்தாள். பதினாறு வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பி, ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகைகளில் ரோமம் கூட்டும் வேலைக்குப் போனாள். அங்கே ஒருவன் அவள் இடுப்பைக் கிள்ளினான். துடைப்பக் கட்டையைத் திருப்பிப் பிடித்து வாயோடு சேர்த்து ஒன்று வைத்தாள். அவனுடைய முன்பற்கள் ரோமக் குவியலில் போய் விழுந்தன. "கம்பளில பல்லு கெடந்தா மூட்டையோட தரம் போயிடும், பொறுக்கி எடு!" என்று மேஸ்திரி கத்தினான். பல் போனவனைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, கிள்ளப்பட்டவளைப் பற்றியும்தான்.

அதற்கப்புறம் நெடுஞ்சாலை ஓரத்து வொர்க்‌ஷாப் ஒன்றில் சில வருஷங்கள். டயர் மாற்றுவது, ஆயில் மாற்றுவது, நின்றுபோன வண்டிகளைக் கிளப்பிவிடுவது. அந்த வருஷங்களில்தான் அவள் சந்தோஷமாக இருந்தாள் என்று அடித்துச் சொல்லலாம். இன்ஜின் முரண்டு பிடித்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் அகப்படும். அவள் பார்த்த மனிதர்களின் கோபத்துக்கு அப்படி ஒரு காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்க அவளால் முடிந்ததே இல்லை. இருந்தும் டாரில் மல்லின்ஸைக் கல்யாணம் செய்துகொண்டாள். அது ஏன் என்று கேட்டால், சிரித்தால் அவன் அழகாக இருப்பான் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

டாரில் வேலி போடுகிற காண்டிராக்டர். வேலை இல்லாத நாளில் காட்டுப்பன்றி வேட்டை. தார் ரோட்டிலிருந்து வெகு தூரம் உள்ளே தள்ளி ஒரு பழைய பண்ணை வீட்டில் குடியிருந்தான். ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஐந்து கேட். கல்யாணமான புதிதில் அவனுடைய நண்பர்கள் வந்திருந்தார்கள். டிரெய்லரைப் பின்பக்கமாகக் கொட்டகைக்குள் விட டாரில் மூன்று தடவை முயன்று மூன்று தடவையும் தூணில் இடித்தான். கோரல் ஏறி ஒரே மூச்சில் உள்ளே விட்டாள். நண்பர்கள் கைதட்டினார்கள். அவர்கள் போனதும் முதல் அறை விழுந்தது. காது இரண்டு நாள் ரீங்காரம் போட்டது.

டாரிலுக்கு மூன்று காதல்கள்: ரம், பன்றி வேட்டை நாய்கள், வெள்ளை பிக்கப் வண்டி. பெண்டாட்டி நான்காவதா ஐந்தாவதா என்பது அன்றைய மனநிலையைப் பொறுத்தது. வண்டியின் முன்னால் கனத்த இரும்புச் சட்டம், பின்னால் நாய்க்கூண்டு, உள்ளே பண்ணைக்குப் பண்ணை பேசிக்கொள்கிற ரேடியோ. எல்லாவற்றையும் விட அவனுக்குப் பெருமை, காற்று வடிகட்டி. அந்த ஊர்ப் புழுதி கோதுமை மாவு போல் இருக்கும், இன்ஜினுக்குள் போனால் அரைத்துத் தள்ளிவிடும். அதனால் மங்கரா ஆண்கள் காகித வடிகட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, கழுவிக் கழுவிப் போடுகிற துணி வடிகட்டியை மாட்டுவார்கள். புழுதி ஒட்டிக்கொள்வதற்காக அதில் எண்ணெய் விட வேண்டும். கொஞ்சமாக விட்டால் போதும், டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் அளவு என்கிற சொல்லை மங்கரா ஆண்களிடம் சொல்லிப் பாருங்கள்! யாருடைய வடிகட்டி அதிகம் சொட்டுகிறது என்பது மதுக்கடையில் பந்தயம் கட்டுகிற விஷயம். டாரில் அதைத் தொட்டிலில் குழந்தையைக் கிடத்துவது போல மடியில் வைத்துக்கொண்டு எண்ணெய் ஊற்றுவான்.

"சொட்டணும்டி. சொட்டச் சொட்ட மாட்டினாத்தான் தூசி கிட்ட வர பயப்படும்" என்பான். "உங்க வொர்க்‌ஷாப்புல இதெல்லாம் சொல்லித் தந்திருக்க மாட்டானுங்களே."

அந்தக் கோடையில் வண்டி நிற்க ஆரம்பித்தது. ஓடும்போது ஒன்றுமில்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், இன்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டுச் செத்துப்போகும். பெட்ரோல் விற்றவன் தண்ணீர் கலந்துவிட்டான் என்றான் டாரில். அப்புறம் வண்டியை விற்றவனைத் திட்டினான். திட்டுவதற்கு ஆள் தீர்ந்ததும் வீட்டில் இருந்தவள் அகப்பட்டாள்.

ஒரு நாள் அவன் தனியாக வேட்டைக்குப் போனான். பெரிய ஆண் பன்றி ஒன்றை நாய்கள் காதோடு கவ்விப் பிடித்துவிட்டன. டாரில் அதை ஒட்டியே வண்டியை விட்டு வந்து, திருப்புவதற்காகக் காலை எடுத்தான். இன்ஜின் செத்தது. ஸ்டியரிங் இறுகிப்போய் வண்டி வாய்க்காலுக்குள் இறங்கியது. அவன் ஏறி வெளியே வருவதற்குள் பன்றி டச்சஸ் என்ற நாயை நெஞ்சிலிருந்து தொடை வரை கிழித்துவிட்டது. அவனுடைய நாய்களில் ராணி அதுதான். பன்றியின் பின்னங்காலைப் பிடித்துப் புரட்டி, கத்தியை இறக்கி, அது அடங்கிய பிறகும் குத்திக்கொண்டே இருந்தானாம். இதை அவனே பிறகு மதுக்கடையில் சொல்லி அழுதான். வீட்டில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து செத்த நாயைக் கூண்டிலிருந்து இறக்கி, அதன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டான்.

"கடைசியா பெட்ரோல் போட்டது யாரு?"

"நான்தான். அதே டிரம்முலேருந்துதான் போட்டேன், டாரில். நீ போடற அதே..."

சங்கிலி அவள் தோளில் விழுந்தது. அவள் சமையல் மேசைக்கு அடியில் புகுந்தாள். அவன் மேசையைக் கவிழ்த்துவிட்டு அடித்தான். மீதி நாய்கள் கூண்டுக்குள்ளிருந்து குரைத்த குரைப்பில் அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை.

அந்தக் காயங்கள் ஆறுவதற்குள் அவள் முதல் தடவை ஓடினாள். மத்தியானம், டாரில் ரம் மயக்கத்தில் கட்டிலில் கிடந்தான். பிக்கப்பை எடுத்தாள். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பக்கத்தில் கேட் என்பது வெறும் கேட் அல்ல. திறந்தால் மூட வேண்டும். மாடுகள் கலந்துவிடும், தண்ணீரில்லாத பக்கம் போய்ச் செத்துவிடும். இரண்டு பேராகப் போனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இறங்கித் திறந்து மூடுவது எழுதாத சட்டம். அதனால்தான் டாரில் அவளோடு போகும்போது வண்டி கேட்டில் நின்றதே இல்லை, அவள் இறங்கிச் சங்கிலியோடு மல்லுக்கட்டுவாள், அவன் பாட்டுக்கு ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தனியாகப் போகிறவள் என்ன செய்வாள்? நிறுத்த வேண்டும், இறங்க வேண்டும், திறக்க வேண்டும், ஏறிக் கடக்க வேண்டும், மறுபடி நிறுத்தி இறங்கி மூட வேண்டும். ஒரு கேட்டுக்கு இரண்டு தடவை இன்ஜின் செத்தது. ஒவ்வொரு தடவையும் கிளப்பக் கிளப்ப பேட்டரி இளைத்தது.

மூன்றாவது கேட்டைத் தாண்டியதும் அவள் இறங்கி அதை மூடினாள். உயிருக்குப் பயந்து ஓடுகிறவள் எதற்கு மூட வேண்டும் என்று நீங்களும் நானும் கேட்கலாம். ஐந்து வயதிலிருந்து மூடிய கை, மூடிவிட்டது. திரும்பி வந்து சாவியைத் திருகினாள். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

டாரில் மோட்டார் பைக்கில் வந்தான். அவசரமே காட்டவில்லை. வருகிற வழியில் இரண்டு கேட்டையும் ஒழுங்காக மூடிவிட்டு வந்தான். அவளை இறக்கி, கேட் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான்.

"கேட்டு மூடற லட்சணமா இது? இப்படி மூடணும்" என்றான். அவளுடைய இடது கையைத் தூணுக்கும் இரும்புக்கும் நடுவே வைத்து, கேட்டைத் தள்ளினான். பிறகு திறந்து இன்னொரு தடவை தள்ளினான்.

ஆஸ்பத்திரிக்கு அவனே கூட்டிப்போனான், வாசல்வரை தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு. கேட் நசுக்கிவிட்டது என்றான். நர்ஸ் தலையாட்டினாள். பக்கத்துப் பண்ணைக்காரி மிஸஸ் பிராட் அங்கே மாத்திரை வாங்க உட்கார்ந்திருந்தாள். அறுபதைத் தாண்டிய விதவை, டாரில் வீட்டுப் பாதையின் கடைசிப் பகுதி அவள் நிலத்தின் வழியாகத்தான் ரோட்டுக்குப் போகிறது. டாரில் சிகரெட் பிடிக்க வெளியே போனதும் கிழவி எழுந்து வந்து கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள்.

"நாப்பது வருஷமா கேட்டோட குடும்பம் நடத்தறேன். கேட்டு ஒரு தடவதான் நசுக்கும் பொண்ணே, ரெண்டு தடவ நசுக்காது" என்றாள். "ரேடியோல ஒரு வார்த்த சொல்லு. நான் வர்றேன்."

"வேணாம் மிஸஸ் பிராட். அந்த ரேடியோவ அவனும் கேப்பான். நான் எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டையும் சேத்துக் கொளுத்துவேன்னு சொல்லியிருக்கான்."

"என் வீடு பழசு. நல்லாத்தான் எரியும்" என்றாள் கிழவி. கோரலுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் விலா வலித்தது.

அதற்கப்புறம் டாரில் வண்டிச் சாவியை வண்டியிலேயே விட்டுவைத்தான். அவனுக்கு அது பெரிய வேடிக்கை. "சாவி அதுலயே கெடக்கு. ஓடிப் பாரேன்! இந்த வண்டியே எனக்கு வாட்ச்மேன். உன்னக் கேட்டத் தாண்ட விடாது" என்று நண்பர்கள் முன்னாலேயே சொல்லுவான். அவர்களும் சிரிப்பார்கள்.

காலையில் அவன் பைக்கில் வேலி வேலைக்குப் போனதும் அவள் பானட்டைத் திறந்தாள். ஒரு கையில் கட்டு, ஒரு கைதான் வேலைக்கு. முதலில் பெட்ரோல் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தாள், சுத்தம். பிளக்குகளைப் பார்த்தாள், வெளிறிப்போயிருந்தன. பெட்ரோல் போதாமல் எரிந்த இன்ஜினின் பிளக் அப்படித்தான் வெளுக்கும். ரப்பர் குழாய்களில் எங்கேயாவது வெடிப்பு இருந்து காற்று களவு போகிறதா என்று ஒவ்வொன்றாக விரலால் தடவினாள், இல்லை. டாரில் வடிகட்டிக்கு எண்ணெய் விட்டு மாட்டிய மறுநாளெல்லாம் வண்டி இன்னும் மோசமாக நிற்கும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வடிகட்டிக்குப் பின்னால் உள்ள காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டாள். விரலில் செங்கல் குழைத்த மாதிரி பிசுபிசுவென்று வந்தது.

அந்தக் குழாயின் மேல்தான் அந்தச் சின்னக் கறுப்புச் சென்சார் உட்கார்ந்திருந்தது. உள்ளே போகிற காற்றை அளந்து சொல்வது அதன் வேலை. அது சொல்கிற கணக்கை வைத்துத்தான் எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று வண்டியின் கம்ப்யூட்டர் தீர்மானிக்கும். அதன் நுனியில் தலைமுடியை விட மெல்லிய கம்பி ஒன்று உண்டு. டாரிலின் எண்ணெய் வழிந்து வந்து, அந்தக் கம்பியில் புழுதியோடு சேர்ந்து அப்பிக்கொண்டது. வருகிற காற்று அதற்கு உறைக்கவில்லை. காற்று குறைவு என்று அது பொய் சொல்ல, பெட்ரோலும் குறைய, காலை எடுத்தவுடன் இன்ஜின் பட்டினியில் சாகிறது. தூசி உள்ளே போகக் கூடாது என்று எந்த எண்ணெயைக் கொட்டினானோ, அந்த எண்ணெய்தான் வண்டியைக் கொன்றது.

நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு வழி இருந்தது. குழாயைத் திரும்ப மாட்டி, சென்சாரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். கண் இல்லாதவன் பழக்கத்தில் வீட்டுக்குள் நடப்பதைப் போல, கம்ப்யூட்டர் தன் ஞாபகக் கணக்கில் பெட்ரோல் விட ஆரம்பித்தது. எச்சரிக்கை விளக்கு எரிந்தது, இன்ஜின் கொஞ்சம் குலுங்கியது. ஆனால் காலை எடுத்தும் நிற்கவில்லை. கோரல் பானட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விடலாமா என்று மிதித்துப் பார்த்தாள். வேகம் பிடிக்கவில்லை, நாலாவது கேட்டுக்குப் போகிற மணல்மேட்டை அந்தத் தெம்பில் ஏற முடியாது. கம்பியைக் கழுவித்தான் ஆக வேண்டும்.

கழுவுவது சின்ன வேலை. ஆனால் கழுவினால் வண்டி நன்றாக ஓடும், ஓடினால் சாவி டாரிலின் பாக்கெட்டுக்குள் போய்விடும். வண்டி நிற்கிறது என்ற நம்பிக்கையில்தான் சாவி அதிலேயே தொங்குகிறது. ஆகவே கழுவக் கூடாது, ஓடுகிற அன்றைக்கு வரைக்கும் கழுவக் கூடாது. அவள் ஒயரைத் திரும்பச் சொருகினாள். தன் விரல் பட்டுத் துடைபட்ட இடமெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஒரு பிடி புழுதியை அள்ளி இன்ஜின் மேல் ஊதிவிட்டு பானட்டை மூடினாள்.

அதற்கப்புறம் வண்டி நின்றதற்கெல்லாம் அவள் அடி வாங்கினாள். மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு நோயை அனுபவித்தாள் என்றால் அது லேசான பேச்சு. ஒரு நாள் மதுக்கடை வாசலிலேயே வண்டி நின்று, நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து அவள் தலைமுடியைப் பிடித்து, நெற்றியை வண்டியின் முன்சட்டத்தில் மோதினான். "ஏன் நிக்குது? சொல்லு! மெக்கானிக்குன்னு பீத்திக்குவியே, ஏன் நிக்குது?" என்று ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மோது. பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. இரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. "தெரியல டாரில், தெரியல" என்றாள். அவன் மேல் அவளுக்கு இருந்த கடைசிச் சொட்டு இரக்கமும் அன்று போனது. செத்துப்போ, செத்துப்போ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அவன் சட்டையைத் துவைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் பூட்ஸ் மாட்டிக்கொண்டே சொன்னான்: "வண்டி ரிப்பேர் பாக்கற நார்ம் நாளைக்கு வர்றான். ஏதோ சென்சார் அழுக்கா இருக்கும், கழுவினா சரியாயிடும்ங்கறான். கறி எடுத்து வை."

"எத்தன பேரு?" என்று கேட்டாள் கோரல்.

"அவனும் அவன் தம்பியும். வண்டி சரியாச்சுன்னா சாவிய நான் எடுத்துக்குவேன், இப்பவே சொல்லிட்டேன்" என்று கண்ணடித்துவிட்டுப் பைக்கில் ஏறிப் போனான். மேற்கு வேலியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னான்.

பைக் சத்தம் ஓய்ந்ததும் அவள் கொட்டகைக்கு ஓடினாள். மின்வேலிப் பெட்டியின் முனைகளைச் சுத்தம் செய்கிற ஸ்பிரே டப்பா அங்கே இருந்தது. பிரேக் கழுவுகிற ஸ்பிரேயும் பக்கத்திலேயே இருந்தது. அதை அடித்தால் சென்சார் வெந்து செத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் அவசரத்தில் கை அதற்குத்தான் முதலில் போனது. சரியானதை எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டே திருகாணிகள். கட்டு பிரித்த இடது கையில் இரண்டு விரல்கள் இன்னும் மடங்கவில்லை. இரண்டாவது திருகாணி நழுவி இன்ஜின் சந்துக்குள் எங்கேயோ விழுந்தது. அதைத் தேடவில்லை. சென்சாரை வெளியே இழுத்து வெயிலில் பிடித்தாள். கம்பி இருப்பதே தெரியவில்லை, சிவந்த அழுக்குப் பூஞ்சைதான் தெரிந்தது. தொட்டால் அறுந்துவிடும். தூரத்திலிருந்து ஸ்பிரேயை அடித்தாள். சிவப்பும் கறுப்புமாக வழிந்தது. மறுபடி அடித்தாள். வெள்ளியாக ஒரு இழை மினுங்கியது.

இனி அது காய வேண்டும். ஈரத்தோடு மாட்டி மின்சாரம் கொடுத்தால் கம்பி கருகிவிடும். அந்த நேரத்தில் குழாயைப் பழந்துணியால் துடைத்தாள், எண்ணெய் வடிகட்டியைப் பிடுங்கி நாய்த் தொட்டிக்குள் எறிந்தாள், கொட்டகை மூலையில் கிடந்த பழைய காகித வடிகட்டியைத் தட்டி மாட்டினாள். சென்சாரை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வெயிலில் நின்றாள். வாயால் ஊதலாம் என்று தோன்றியது, எச்சில் தெறிக்குமே என்று பயந்தாள். நாய்கள் திடீரென்று மேற்குப் பக்கம் திரும்பிக் குரைக்க ஆரம்பித்தன. பைக் சத்தம் மெலிதாகக் கேட்டது. எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வருகிறான்.

அவள் சென்சாரை ஒரு திருகாணியால் முறுக்கினாள், மறுபக்கத்தை டேப் போட்டுச் சுற்றினாள், ஒயரைச் சொருகினாள். சாவி வண்டியிலேயே தொங்கியது. திருகினாள். இன்ஜின் பிடித்தது. காலை எடுத்தாள். அது இருமவில்லை, திணறவில்லை, ஒரே சீராக ஓடியது. கோரலுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே கிளம்பினாள்.

முதல் கேட்டில் நிறுத்தி இறங்கினாள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கடந்து, மறுபடி இறங்கி, மூடினாள். இரண்டாவதையும் மூடினாள். தன்னையே திட்டிக்கொண்டுதான் மூடினாள். மூன்றாவது கேட்டின் சங்கிலியைக் கொக்கியில் மாட்டும்போது திரும்பிப் பார்த்தால், அங்கே தூரத்தில் பைக்கின் புழுதி நின்றிருந்தது. இரண்டாவது கேட்டில் டாரில் இறங்கிக்கொண்டிருந்தான். பெண்டாட்டியைக் கொல்ல வருகிறவன், கேட்டைத் திறந்து, பைக்கைத் தள்ளி, மறுபடி திரும்பிப் போய் மூடிச் சங்கிலி மாட்டினான். அந்த ஊர் ரத்தம் அப்படி. அவள் ஓடிப்போய் வண்டியில் ஏறினாள்.

மணல்மேட்டில் வண்டி புதைந்து புதைந்து ஏறியது. நாலாவது கேட்டை அவள் மூடிவிட்டு ஏறும்போது பைக் மேட்டின் அடிவாரத்துக்கே வந்துவிட்டது. அந்தக் கேட்டில் டாரிலுக்குப் பொறுமை போனது. இடுப்பிலிருந்த கட்டிங் பிளேயரை எடுத்து, தன் கையால் முறுக்கிக் கட்டிய வேலியைத் தானே வெட்டிக்கொண்டு குறுக்கே புகுந்தான். மணலில் பைக்குக்கு இருக்கிற ஓட்டம் பிக்கப்புக்கு இல்லை. மிஸஸ் பிராட்டின் காளைகள் மிரண்டு சிதற, அவன் அவளைத் தாண்டிப் போனான். கடைசிக் கேட்டில் பைக்கைப் போட்டுவிட்டு, கேட்டின் மேல் முதுகைச் சாய்த்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் தார் ரோடு கானல் அடித்துக்கொண்டு கிடந்தது.

கோரல் பிரேக்கை மிதித்தாள். வண்டி அவனுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது.

"எறங்கு!" என்று கத்தினான் டாரில். சிரித்துக்கொண்டிருந்தான், அந்த அழகான சிரிப்பு. "கேட்டத் தொறக்கணும்ல? எறங்கி வா. வண்டி எப்படியும் செத்துடும். சாகட்டும், நான் நிக்கறேன்."

அவன் காத்திருந்தான். தலையை ஒருபக்கம் சாய்த்து, இன்ஜின் இருமப்போகிற அந்தச் சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தான். அது வரவில்லை. இன்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. சிரிப்பு அவன் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்தது.

"என்னடி பண்ணின இத?"

"கழுவினேன்" என்றாள் கோரல். "உன் எண்ணெயக் கழுவினேன். நீ ஊத்தினதாலதான் நின்னுச்சு. டச்சஸ நீதான் கொன்ன."

அவனுக்கு அது புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் கேட்டை விட்டு விலகி ஜன்னல் பக்கம் ஓடி வந்தான். பன்றிக் கத்தியை உருவியிருந்தான். திறந்த ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தான். கத்தி அவள் தாடையை உரசிக் கீறியது. கோரல் ஆக்ஸிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தாள்.

வண்டி துள்ளியது. அவன் பிடியை விடவில்லை, கதவோடு ஒட்டி ஓடி வந்தான். முன்சட்டம் கேட்டில் மோதியது. சங்கிலி அறுந்தது, ஒரு கீல் பிய்ந்தது, அந்த நீள இரும்புக் கேட் மற்றக் கீலில் சுழன்று ஜன்னல் பக்கமாக வந்து டாரிலை இடுப்பில் வாரிக்கொண்டு போனது. அவளுடைய முடி ஒரு கொத்து அவன் கையோடு போய்விட்டது. மண்டை எரிந்தது. தார் ரோட்டில் ஏறியதும்தான் அவள் காலை எடுத்தாள்.

வண்டி நின்றது, இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கண்ணாடியில் பார்த்தாள். கேட் தரையில் சாய்ந்து கிடந்தது, அதற்கு அடியில் டாரில் கிடந்தான், ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவன் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். திட்டினான், பிறகு கெஞ்சினான், மறுபடி திட்டினான். கத்தி எங்கே போய் விழுந்ததோ தெரியவில்லை. தூரத்தில் காளைகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கி, திறந்து கிடந்த வழியைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தன. ரோட்டில் எந்த நேரமும் பெரிய லாரிகள் வரலாம். கோரல் ரேடியோவின் மைக்கை எடுத்தாள். தாடையிலிருந்து இரத்தம் அதில் சொட்டியது.

"மிஸஸ் பிராட், நான் கோரல். ரோட்டுக் கேட்ட ஒடச்சுட்டேன். உங்க காளைங்க வெளிய வருது. மன்னிச்சிடுங்க."

அந்த அலைவரிசையில் ஊரில் பாதிப் பேர் காதை வைத்திருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். இப்போது அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

"கேட்டு கெடக்கட்டும்" என்றது கிழவியின் குரல். "அவன் எங்க?"

"கேட்டுக்கு அடியில."

"உசுரு இருக்கா?"

"கத்திக்கிட்டு இருக்கான்."

"கத்தறான்னா அவசரமில்ல. நான் மொதல்ல மாட்டப் பாக்கறேன்" என்றாள் மிஸஸ் பிராட். "வண்டி ஓடுதா பொண்ணே?"

"ஓடுது, மிஸஸ் பிராட்."

"அப்ப இன்னும் ஏன் அங்க நிக்கற? போ."